பாலாற்று கிராஃபில் காணாமல் போகும் 20 ஆண்டுகள்: ‘உடைந்த அச்சு’ எப்போது சரி, எப்போது தப்பு?

பாலாறு மாசு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு சொன்னதன் சாரம் இதுதான்: தோல் ஆலைக் கழிவால் ஏற்பட்ட பாதிப்புக்கான பொறுப்பு ஒரு தேதியோடு முடிந்துவிடாது. கெட்டுப்போன நிலமும் நீரும் சரியாகும் வரை அது தொடரும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாதிப்பைத் தணிக்கை செய்யவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் ‘தேதி’ என்பது முக்கியம். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2001-ல் கொடுத்த கணக்கு, 1991 ஆகஸ்ட் 12 முதல் 1998 டிசம்பர் 31 வரையிலான காலத்துக்கு மட்டுமே. அதற்குப் பிறகு நடந்த பாதிப்பு? அதைத்தான் 26 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் மறுபடி திறந்திருக்கிறது.

இப்படி ஒரு தணிக்கையில் கிணற்று நீரின் அளவீடுகள் கடைசியில் ஒரு கிராஃபாகத்தான் மேஜைக்கு வரும். சில ஆண்டுகளுக்கு அளவீடு இருக்கும், பல ஆண்டுகளுக்கு இருக்காது. அப்போது கிராஃப் வரைபவருக்கு ஓர் ஆசை வரும்: ‘நடுவுல டேட்டாவே இல்ல, வெட்டிட்டா என்ன?’ அந்த வெட்டுக்குப் பெயர்தான் உடைந்த அச்சு. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இழப்பீடு ஆண்டுக்கணக்கில் பேசப்படும் ஓர் ஊரில், வெட்டப்படுவது வெறும் வெற்றிடம் அல்ல.

உடைந்த அச்சு என்றால் என்ன?

கிராஃபில் இரண்டு கோடுகள் உண்டு. கீழே ஓடுவது கிடை அச்சு; பெரும்பாலும் காலம். பக்கவாட்டில் நிற்பது செங்குத்து அச்சு, அளவு. இவற்றில் ஏதாவது ஒன்றின் நடுவே ஒரு பகுதியை நீக்கிவிட்டு, ‘இங்கே வெட்டியிருக்கிறோம்’ என்று காட்ட இரண்டு சாய்கோடுகளைப் போடுவார்கள். அதுதான் உடைந்த அச்சு.

செங்குத்து அச்சை உடைப்பது, ஏதோ ஓர் எண் மற்றவற்றைவிட மிகப் பெரிதாக இருக்கும்போது. கிடை அச்சை உடைப்பது, நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும்போது. இரண்டுமே இடத்தை மிச்சப்படுத்தும் வழிகள்தான். ஆனால் கண் ஏமாறும் விதம் வேறு வேறு.

உயரத்தை உடைத்தால்: ராணிப்பேட்டை குரோமியம்

ராணிப்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடத் தேவையான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த ஆலை அது. மூடியபோது ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. அந்தப் பகுதி நிலத்தடி நீரை ஆய்வு செய்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை குரோமியம் இருப்பதைப் பதிவு செய்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 0.05 மில்லிகிராம். அதாவது, 5,500 மடங்கு.

இதை ஒரே கிராஃபில் போட்டுப் பாருங்கள். 275-ஐ 10 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், 0.05 என்ற வரம்பு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு உயரத்தில் வரும். கண்ணுக்கே தெரியாது. வரம்பைவிட இருபது மடங்கு குரோமியம் உள்ள கிணறுகூட ‘பூஜ்யம்’ மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு இது அநியாயம்.

சரி, அச்சை உடைத்தால்? சின்னக் கிணறுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் 275 என்ற புள்ளி இப்போது மற்றவற்றுக்கு ‘கொஞ்சம் மேலே’ நிற்கும். 5,500 மடங்கு என்ற உண்மை இரண்டு சாய்கோடுகளுக்குள் சுருங்கிவிடும். கண் சாய்கோடுகளைப் படிப்பதில்லை, உயரத்தைத்தான் படிக்கிறது.

இதற்கு இரண்டு நல்ல மாற்றுகள் உண்டு. ஒன்று, லாக் அளவுகோல். இதில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு: 0.01, 0.1, 1, 10, 100. வரம்பில் இருக்கும் கிணறும் தெரியும், 275-ம் தெரியும். ரிக்டர் அளவையும் இதே தத்துவம்தான். இரண்டாவது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தனித்தனி கிராஃப்: மேலே எல்லாக் கிணறுகளும் முழு அளவில், கீழே ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பவை மட்டும், பெரிதாக்கி. லாக் அளவுகோல் பழக்கமில்லாதவர்களிடம் காட்டும்போது இரண்டாவது வழியே நல்லது.

காலத்தை உடைத்தால்: ஒரு கற்பனைக் கிணறு

தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். தோல் ஆலைக் கழிவு நீரில் கரைந்த உப்பு இவ்வளவு அதிகமாக இருக்க இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவுதான் டிடிஎஸ், வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் பேனா மாதிரி ஒரு கருவியை நனைத்துப் பார்ப்பாரே, அதே அளவுதான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்புடையது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை.

ஆம்பூர் பக்கம் ஒரு கிணறு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக மட்டுமே. 1993-ல் டிடிஎஸ் 2,600. 1995-ல் 2,800. 1998-ல் 3,200. பிறகு 20 ஆண்டுகளுக்கு யாரும் அளக்கவில்லை. 2018-ல் 2,200. 2021-ல் 2,100. 2024-ல் 2,050.

இப்போது 1998-க்கும் 2018-க்கும் நடுவே அச்சை வெட்டி, அந்த 20 ஆண்டுகளை வெறும் 2 ஆண்டு அகலத்துக்குச் சுருக்கினால் என்ன தெரியும்?

முதலில், சரிவு. 3,200-லிருந்து 2,200-க்கு வர 20 ஆண்டுகள் ஆயின. ஆண்டுக்குச் சராசரியாக 50 குறைவு. சுருக்கிய கிராஃபில் அதே சரிவு ஆண்டுக்கு 500 மாதிரி செங்குத்தாக விழும். பத்து மடங்கு வேகம். பார்ப்பவர் என்ன நினைப்பார்? ‘1998-ல் ஏதோ நடவடிக்கை எடுத்திருக்காங்க, தண்ணி உடனே சரியாயிடுச்சு.’ அப்படி எந்தச் செய்தியும் அந்த ஆறு எண்களில் இல்லை.

அடுத்து, காலம். 1993 முதல் 2024 வரை 31 ஆண்டுகள். அளக்காத 20 ஆண்டுகள் அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. வெட்டிய கிராஃபில் அது 13 பங்கில் 2 பங்கு மட்டுமே. விவசாயியின் வாழ்க்கையில் ஒரு தலைமுறை, படத்தில் ஒரு விரல் இடுக்கு.

அளந்த ஆறு முறையும் தண்ணீர் 2,000-ஐத் தாண்டியே இருந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அது என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வியே. அச்சை வெட்டினால் அந்தக் கேள்வியே எழாது.

அளக்காமல் இருந்தது வேறு, நடக்காமல் இருந்தது வேறு

அப்படியென்றால் கால அச்சை எப்போதுமே உடைக்கக் கூடாதா? அப்படியில்லை. பங்குச் சந்தை ஆப்பைத் திறந்து பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு அடுத்து நேராகத் திங்கள்கிழமை. சனி, ஞாயிறு இல்லை. யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஏனென்றால் அந்த இரண்டு நாளில் சந்தையே நடக்கவில்லை; வெட்டப்பட்டது ஒன்றுமில்லாத நேரம்.

தோல் தொழிலிலும் இதற்கு உதாரணம் உண்டு. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு நீரை அனுப்பும் குழாயில், ஆலை ஓடும் நேரத்தில் மட்டும் நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளை நீக்கிவிட்டு ஓடிய மணி நேரங்களை மட்டும் அடுத்தடுத்து வரைவது நியாயமே.

நிலத்தடி நீருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. யாரும் அளக்காத நாளிலும் உப்பு பரவிக்கொண்டுதான் இருந்தது, பயிர் அதைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது. எனவே ஒரே ஒரு விதி போதும்: விஷயமே நடக்காத நேரத்தை வெட்டலாம், நாம் பார்க்காத நேரத்தை வெட்டக் கூடாது.

மென்பொருள் வைக்கும் கண்ணிகள்

டேட்டா வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. தெரியாமலேயே அச்சு உடையும் சந்தர்ப்பங்களும் உண்டு.

எக்செல்: மத்திய நிலத்தடி நீர் வாரியம் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறது: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். கவனியுங்கள், இடைவெளி சமமாக இல்லை. 4 மாதம், 3 மாதம், 3 மாதம், 2 மாதம். ஷீட்டில் தேதி உண்மையான தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிவாகியிருந்தால், எக்செல் லைன் சார்ட் நான்கையும் சம இடைவெளியில் வைத்துவிடும். மழைக்குப் பிந்தைய இரண்டு மாத மாற்றமும் கோடைக்கு முந்தைய நான்கு மாத மாற்றமும் ஒரே அகலத்தில் வரும். நடுவில் பத்து ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும் அதே அகலம்தான், சாய்கோடுகூட இருக்காது. அச்சு அமைப்பில் ‘டேட் ஆக்ஸிஸ்’ தேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

இதில் இன்னொரு தொல்லை: கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05/06/2019 என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 13/05/2019 என்பதில் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால், அதை எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து.

ஆர்: இந்தப் புள்ளியியல் மென்பொருள் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் என்ற கணக்கு. நேரமும் சேர்ந்திருந்தால் எத்தனை விநாடி என்ற கணக்கு. ‘2005-ல் அச்சை உடை’ என்று வெறும் 2005-ஐக் கொடுத்தால், அது 2005-வது நாளைத் தேடும். அது 1975 ஜூன் 29. விநாடிக் கணக்கு என்றால் இன்னும் மோசம்: 1970 புத்தாண்டு அன்று, இந்திய நேரப்படி காலை 6 மணி 3 நிமிடம். ‘கோடே சரியாத்தான் இருக்கு, படம் மட்டும் வரல’ என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். உடைக்கும் எல்லையையும் தேதி வகையாகவே மாற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆர் மென்பொருளில் பலரும் பயன்படுத்தும் ஜிஜிபிளாட்2 தொகுப்பில் அச்சை உடைக்கும் வசதி நேரடியாக இல்லை. அதற்காகவே 2021-ல் ஜிஜிபிரேக் என்ற துணைத் தொகுப்பு வந்தது. ஆனால் ஃபேசட் வசதி முதலிலிருந்தே இருக்கிறது: 1993–1998 ஒரு கட்டம், 2018–2024 ஒரு கட்டம் எனத் தனித்தனிச் சட்டங்களாக வரையலாம். கட்டங்களின் அகலம் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமையும்படி சொல்லவும் முடியும்.

பைத்தான்: மேட்பிளாட்லிப் தொகுப்பின் அதிகாரபூர்வ உதாரணங்களிலேயே உடைந்த அச்சுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அதுவும் இரண்டு கிராஃப்தான். நடுக்கோட்டை மறைத்துச் சாய்கோடு போட்டிருப்பார்கள். அந்த மறைக்கும் வேலையைச் செய்யாமல் விட்டாலே நேர்மையான படம் கிடைத்துவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லேண்ட் 1985-ல் வெளியிட்ட நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். உடைத்தே தீர வேண்டும் என்றால் சின்னச் சாய்கோடு போதாது. கிராஃபை முழுமையாக இரண்டு சட்டங்களாகப் பிரியுங்கள். முறிவின் இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் கோட்டால் இணைக்காதீர்கள்.

2019: அச்சு உடையவில்லை, மாவட்டம் உடைந்தது

வேலூர் பகுதியின் புள்ளிவிவரங்களைத் தொடுபவர்கள் மறக்கக் கூடாத இன்னொரு முறிவு உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மேல்விஷாரமும் வாலாஜாபேட்டையும் ராணிப்பேட்டைக்கு. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது.

‘வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள்’ என்று 2015 முதல் 2024 வரை ஒரே கோடு இழுத்தால், 2019-க்குப் பிறகு எண்ணிக்கை மளமளவென்று சரியும். ஆலைகள் எங்கும் போகவில்லை, எல்லைதான் நகர்ந்தது. இங்கே கால அச்சு முழுசாக இருந்தும் கோடு பொய் சொல்கிறது. மூன்று மாவட்டங்களையும் கூட்டிப் பழைய எல்லைக்கே கணக்கிடுவது ஒரு வழி. முடியாவிட்டால் 2019-ல் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, ‘மாவட்டப் பிரிப்பு’ என்று எழுதி, அந்த இடத்தில் கோட்டை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். பழைய தொடர்களை எடுப்பவர்கள், 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்றுமதி கிராஃபில் அதே வித்தை

சாய்கோடே போடாமல் அச்சை வெட்டும் வழியும் உண்டு: கீழ்ப்பகுதியை நீக்கிவிடுவது. இந்தியாவின் தோல், தோல் பொருள், காலணி ஏற்றுமதி 2019-20-ல் சுமார் 507 கோடி டாலர். கொரோனா ஆண்டான 2020-21-ல் சுமார் 368 கோடி. அடுத்த ஆண்டு சுமார் 487 கோடி.

507-லிருந்து 368 என்பது ஏறத்தாழ 27 சதவீத வீழ்ச்சி. தொழிலாளர்களுக்கு அதுவே பெரிய அடி. ஆனால் பார் சார்ட்டின் அடியை 350-ல் தொடங்கினால், முதல் பட்டையின் உயரம் 157, இரண்டாவதன் உயரம் 18. கண்ணுக்குத் தெரிவது 88 சதவீத வீழ்ச்சி. தொழிலே மூழ்கியது போன்ற காட்சி. பட்டையில் நாம் படிப்பது நீளத்தை. ஆகவே பார் சார்ட் எப்போதும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். லைன் சார்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கே தொடங்குகிறது என்று தெளிவாக எழுதினால் போதும்.

ஃபோனில் பார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

வாட்ஸ்அப்பில் வரும் கிராஃப் படங்கள் சுருங்கித்தான் வருகின்றன. அதில் முதலில் மங்கிப் போவது அந்தச் சின்னச் சாய்கோடுதான். பார்ப்பவர்களுக்கு ஐந்து கேள்விகள்:

1. கீழே உள்ள ஆண்டுகளைக் கையால் எண்ணுங்கள். 1995, 1998, 2018 என்று தாவுகிறதா? தாவலுக்கு ஏற்ற அகலம் இருக்கிறதா?

2. கோடு ஓடும் இடமெல்லாம் புள்ளி இருக்கிறதா? புள்ளி இல்லாத இடத்தில் ஓடும் கோடு அளவீடு அல்ல, ஊகம்.

3. பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்குகின்றனவா?

4. ஓர் எண் மட்டும் மிகப் பெரிதாக இருந்தால், அதைக் காட்டிய விதம் அதன் உண்மையான மடங்கைச் சொல்கிறதா?

5. நடுவில் எல்லை, கருவி, அளக்கும் முறை ஏதாவது மாறியதா?

வரைபவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. ஃபோன் திரையின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர். 31 ஆண்டுகளை முழுசாக வைத்தால் ஓர் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே இடம் கிடைக்கிறது. ஆறு புள்ளிகளைக் காட்ட அது தாராளம். அதாவது, பெரும்பாலான நேரங்களில் அச்சை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. அளக்காத ஆண்டுகளை வெளிர் சாம்பல் நிறத்தில் நிரப்பி, ‘1999–2017: அளவீடு இல்லை’ என்று எழுதிவிடலாம். 2,000 என்ற வரம்புக்கு ஒரு கிடைக்கோடு. முடிந்தது வேலை.

அப்படி வரைந்த கிராஃபை ஒரு குழுவின் முன்னால் வைத்தால், முதலில் கண்ணில் படுவது அந்தச் சாம்பல் நிறப் பட்டைதான். ‘இத்தனை வருஷமா ஏன் யாரும் அளக்கல?’ என்று யாராவது கேட்பார்கள். இழப்பீடு எந்த ஆண்டு வரை என்ற பேச்சு தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.